குறுக்குக் கோடு

மேஸ்திரி அந்தப் பேராலயத்துக்குள் கால் வைத்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. கட்டியவர்களில் அவரும் ஒருவர். ஆனால் கூரை முடிந்து, கண்ணாடி மாட்டி, பிஷப் வந்து திறந்து வைத்து, எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து வாயைப் பிளந்துவிட்டுப் போன பிறகும் அவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பஸ் அந்தச் சாலை வழியாகப் போனால் எழுந்து மறுபக்கத்து ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொள்வார். யாராவது கேட்டால், "சமைச்சவனுக்குப் பசிக்குமாப்பா?" என்று சிரித்து மழுப்பிவிடுவார்.

இன்றைக்கு வசமாக மாட்டிக்கொண்டார். மாட்டிவிட்டவள் தம்பி மனைவி.

பத்து நாளைக்கு முன்னால், சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு அவள் ஆரம்பித்தாள்.

"மாமா, அந்த சர்ச்ல கல்லு வச்சிருக்காங்களாம். கட்டும்போது உயிர் போனவங்க பேரைப் பொறிச்சு, வாசல்லயே. எங்க யூனிட்ல பட்டன் தைக்கிறவ பாத்துட்டு வந்து சொன்னா."

"எத்தனை பேரு போட்டிருக்குன்னு சொன்னாளா?"

"அவளுக்குப் படிக்க வராது. கல்லு இருக்குன்னா, அவ்வளவுதான். ஒரு தடவை போயிட்டு வரலாம் மாமா. அவரு பேரைக் கையால தொட்டுப் பாக்கணும் போல இருக்கு."

மேஸ்திரி தட்டைத் தள்ளி வைத்தார். முட்டி வலி என்றார், ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருக்கிறது என்றார், வெயில் தணியட்டும் என்றார். அதற்குள் உள்ளறையிலிருந்து வாலு வந்து குதித்துவிட்டது.

"பெரியப்பா, என் கிளாஸ்ல முக்கால்வாசிப் பேரு பாத்துட்டாங்க. எங்கப்பா கட்டின கட்டடத்தை நான் மட்டும் பாத்ததில்லை. கேக்கவே கேவலமா இல்லை?"

வாலு என்பது அவர் வைத்த பெயர். தம்பியின் ஒரே பெண். வயது பதினேழு. அவள் ஒன்று கேட்டு மேஸ்திரி முடியாது என்று சொன்னதாகச் சரித்திரம் கிடையாது. அவருக்குக் கல்யாணம் இல்லை, குடித்தனம் இல்லை. மாடியில் ஒரு அறை, கீழே இந்த இரண்டு பேர். தம்பி போன பிறகு பள்ளிக்கூடத்து ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டது, காய்ச்சல் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு ஓடியது, சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தது எல்லாம் அவர்தான். "பெரியப்பா" என்று அவள் கூப்பிடும்போது மனுஷன் கரைந்துபோவார்.

அந்தப் பெண்ணுக்குக் கட்டடக் கலை படிக்க வேண்டும் என்று ஆசை. நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கமெல்லாம் வீடும் பாலமும் வரைந்து வைத்திருப்பாள். மார்க் இருக்கிறது, இடமும் கிடைக்கும். விண்ணப்பம் ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது. அம்மா கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் காலி. திங்கட்கிழமை கடைசி நாள்.

அம்மாக்காரி மசியவில்லை. "வேற எதை வேணா படி. உங்கப்பா கட்டடம் கட்டின லட்சணம் போதும். அவரோட கவனக்குறைவுக்கு இன்னொரு வீட்டுப் பிள்ளை செத்தான். அந்த ரத்தம்தானே உனக்கும் ஓடுது? நாளைக்கு உன்னால நாலு பேரு போகவா?" அதைச் சொல்லும்போது அவள் குரல் உயராது. தீர்ப்புச் சொல்கிற மாதிரி சொல்வாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஊருக்குத் தெரிந்த கதை அப்படி. பேராலயத்தின் மேற்குப் பக்கக் கூரைக்குக் கான்கிரீட் கொட்டிக்கொண்டிருந்தபோது, அடியில் முட்டுக் கொடுத்திருந்த கட்டைகளில் ஒரு வரிசை நழுவியது. கீழே நின்ற தம்பி போனான். மேலே கம்பி கட்டிக்கொண்டிருந்த ஒரு பையனும் போனான். அந்த வரிசையின் ஆப்புகளுக்கு ஆணியே அடிக்கவில்லை என்று அதிகாரிகள் எழுதினார்கள். அது யார் பொறுப்பு என்று விசாரித்தார்கள். தம்பி பொறுப்பு என்று பதில் வந்தது. செத்தவன் செய்த தப்பு என்று கோப்பை மூடினார்கள்.

அதிலிருந்து வருஷா வருஷம் அதே தேதியில் தம்பி மனைவி கம்பி கட்டியவனுடைய அம்மா வீட்டுக்குப் போகிறாள். யாரும் போகச் சொல்லவில்லை. முதல் வருஷம் அந்த அம்மா கதவைச் சாத்தினாள். இரண்டாம் வருஷம் வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினாள். அப்புறம் திட்டுவதும் நின்றுவிட்டது. இவள் வாசலைக் கூட்டி, பாத்திரம் தேய்த்து, இரண்டு குடம் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, தலை குனிந்து கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு வந்துவிடுவாள். மேஸ்திரி துணைக்குப் போவார். தெருமுனை வரைக்கும்தான். அங்கே ஒரு விளக்குக் கம்பத்தில் சாய்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக நாலு பீடி பிடிப்பார்.

இதில் ஒரு வரி பொய் என்று அவருக்குத் தெரியும். தம்பி பொறுப்பு என்று பதில் சொன்ன வாய் அவருடையதுதான்.

மேஸ்திரிக்கு வேலையில் ஒரு பழக்கம் உண்டு. கான்கிரீட் கொட்டுவதற்குப் பலகை அடித்து, அதைத் தாங்க முட்டுகளை நிறுத்தி, ஒவ்வொரு முட்டின் அடியிலும் எதிரெதிராக இரண்டு ஆப்பு வைத்துத் தட்டி மட்டத்துக்குக் கொண்டுவருவார்கள். மட்டம் சரியானதும் மேஸ்திரி முட்டில் சாக்பீஸால் நெட்டுக்கு ஒரு கோடு போடுவார். அப்புறம் ஆப்பு நகராமல் ஆணி அடித்ததும், அதன் மேலேயே குறுக்கே ஒரு கோடு. கூட்டல் குறி விழுந்துவிட்டால் அந்த முட்டுக்கட்டையை யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம், யானையைக் கொண்டுவந்து மேலே நிறுத்தலாம். இருபது வருஷமாக அவருடைய ஆட்களுக்கு அதுதான் வேதம். தம்பிக்கும் அதுதான்.

அன்றைக்கு முந்தின நாள் சாயங்காலம், மேற்கு வரிசையில் பதினொரு முட்டு பாக்கி இருக்கும்போது நாலங்குல ஆணி தீர்ந்துபோனது. ஸ்டோர்காரன் பூட்டிக்கொண்டு போய்விட்டான். சூப்பர்வைசர் வேறு, "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று பிராணனை வாங்கிக்கொண்டிருந்தான். காலையில் முதல் வேலையாக அடித்துக்கொள்ளலாம் என்று மேஸ்திரி பதினொன்றுக்கும் குறுக்குக் கோட்டை முன்னதாகவே போட்டுவிட்டார். முடிந்தது என்று காட்டிவிட்டார்.

காலையில் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். கட்டடத்தை வரைந்த பெரிய மனிதர் வந்தார். மேஸ்திரி முகச்சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஆணி விஷயம் அவருக்கு மறந்தே போய்விட்டது. கான்கிரீட் கொட்டும்போது ஒரு ஆள் அடியில் நின்று முட்டுகளைக் கவனிக்க வேண்டும். அன்றைக்கு அந்த ஆள் அவர். "அஞ்சு நிமிஷம் பாத்துக்கடா, போட்டோவுக்கு நின்னுட்டு வந்துடறேன்" என்று தம்பியிடம் சொன்னார். தம்பி எப்போதும் போல் வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு, சாக்பீஸ் குறிகளை ஒரு பார்வை பார்த்து, தலையை ஆட்டினான். மறுநாள் பேப்பரில் அந்தப் படம் வந்தது. பெரிய மனிதருக்குப் பக்கத்தில் மேஸ்திரி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மறந்ததை யாராவது மன்னிப்பார்கள். ஆனால் அதிகாரிகள் வருவதற்கு முன்னால், இடிந்து கிடந்த குவியலுக்குள் புகுந்து, அந்தச் சலவைச் சட்டையைக் கழற்றித் தண்ணீரில் நனைத்து, முட்டு முட்டாகக் கூட்டல் குறியைத் துடைத்தாரே, அதை என்ன சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். கோபுரம் கிடையாது, மணிக்கூண்டு கிடையாது, உச்சியில் ஒரு சிலுவைகூடக் கிடையாது. யாரோ ஒரு பெரிய போர்வையை உதறும்போது அது உப்பிய நிலையிலேயே இறுகி நின்றுவிட்டது போல ஒரே சாம்பல் நிறக் கான்கிரீட். கட்டிக்கொண்டிருந்த காலத்தில் டீக்கடைக்காரர்கள் அதைத் தண்ணீர்த் தொட்டி என்று கேலி செய்வார்கள். சாமி கும்பிட வந்தவன் குடத்தோடு வந்துவிடப்போகிறான் என்பார்கள்.

"பெரியப்பா, சுவர் எங்கே முடியுது, கூரை எங்கே ஆரம்பிக்குது?" வாலு அண்ணாந்தபடி கேட்டாள்.

"கட்டினவனுக்கே தெரியாது போ."

"ஒரு தூணுகூட இல்லையே! எப்படி நிக்குது?"

"அதான் பயமா இருக்கு" என்றாள் அம்மா. அவள் கண் கட்டடத்தில் இல்லை. கல்லைத் தேடிக்கொண்டிருந்தது.

கல் வாசலுக்கு இடப்பக்கம், தாழ்வான ஒரு சுவரில் பதித்திருந்தது. கறுப்புக் கல், பொன்னிற எழுத்து. 'இப்பேராலயம் எழும்பியபோது உயிர் நீத்த தொழிலாளியின் நினைவாக' என்று ஒரு வரி. அதற்குக் கீழே ஒரு பெயர்.

ஒரே ஒரு பெயர். கம்பி கட்டியவனுடையது.

தம்பி மனைவி முதல் வரியில் விரலை வைத்து, எழுத்து எழுத்தாக நகர்த்திக்கொண்டு வந்து, பெயரின் கடைசி எழுத்தில் நின்றாள். அதற்குக் கீழே வழுவழுப்பான வெறும் கல். அங்கேயும் விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள். வாலு ஏதோ சொல்ல வாயெடுத்தது, அம்மாவின் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டது.

"சரிதான்" என்றாள் தம்பி மனைவி. "தப்புப் பண்ணினவங்க பேரை எப்படிப் போடுவாங்க? நான்தான் புத்தி கெட்டுப்போய் உங்களையும் இழுத்துட்டு வந்தேன் மாமா."

அழுதிருந்தால் மேஸ்திரி தாங்கியிருப்பார். அவள் அழவில்லை. முந்தானையை எடுத்து, கம்பி கட்டியவன் பெயரில் படிந்திருந்த தூசியைத் துடைத்துவிட்டு உள்ளே நடந்தாள். இப்போதே சொல்லிவிடு, இந்தக் கல்லின் முன்னாலேயே சொல்லிவிடு என்று மேஸ்திரிக்கு நெஞ்சு முட்டியது. ஆனால் அவள் பின்னால்தான் நடந்தார். ஒன்பது வருஷமாக இதுதான் நடக்கிறது. ஒவ்வொரு வருஷமும் அந்தத் தெருமுனையில் நான்காவது பீடியை அணைக்கும்போது, அவள் திரும்பி வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்வார். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து, "ரொம்ப நேரம் நின்னுட்டீங்களா மாமா?" என்று கேட்பாள். அவ்வளவுதான், இல்லை என்று சொல்லிவிட்டு அவளோடு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

உள்ளே முட்டை வடிவத்தில் ஒரே பெரிய கூடம். ஜன்னல் என்று ஒன்று கிடையாது. கூரையில் இரண்டு நீளக் கீறல்கள், அவற்றின் வழியாக வெளிச்சம் தகடு தகடாக இறங்கியது. பார்வையாளர்களைச் சுற்றிக் காட்ட, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு பெண்மணி இருந்தார். ஓய்வு பெற்ற டீச்சர் போல. இருபது பேர் அவர் பின்னால் போனார்கள். வாலு முதல் ஆளாக ஒட்டிக்கொண்டது. அம்மா சும்மா கூடவே நடந்தாள்.

மேஸ்திரி பின்தங்கினார். அவருக்கு அந்த டீச்சரம்மா சொல்லித் தெரிய வேண்டியது என்ன இருக்கிறது? சுவரைப் பூசாமல் விட்டிருந்தார்கள். பலகையின் ரேகைகள், கணுக்கள், இரண்டு பலகை சேரும் இடத்துக் கோடு எல்லாம் கான்கிரீட்டில் அச்சாகியிருந்தன. எந்தப் பலகையை எங்கே வைத்தோம் என்று அவரால் சொல்ல முடியும். மேற்கு மூலைக்குப் போனதும் கால்கள் தாமாக நின்றன. தலைக்கு மேலே கூரை ஓர் இடத்தில் லேசாகத் தொங்கியது. சொன்னால்தான் தெரியும். விழாமல் நின்றுபோன பாகம் அது. இரண்டு மாதம் சோதித்துவிட்டு, பலமாகத்தான் இருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

தூரத்தில் டீச்சரம்மாவின் குரல் கேட்டது. "அங்கே மேற்கே பாருங்க, கூரை கொஞ்சம் தாழ்ந்து வருது இல்லையா? தகப்பன் குனிஞ்சு பிள்ளையைப் பாக்கிற மாதிரி. அந்த வளைவு இந்தக் கட்டடத்துலயே ரொம்ப அழகான இடம்னு சொல்லுவாங்க." இருபது தலைகள் திரும்பின. போட்டோ எடுத்தார்கள். மேஸ்திரி சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டார்.

அந்தக் கூட்டம் அப்புறம் கிழக்குக் கோடிக்குப் போய் ஏதோ விளையாடியது. ஒரு புருஷன் சுவரைப் பார்த்து நின்று முணுமுணுத்தான். எதிர்க்கோடியில், மேஸ்திரிக்குக் கொஞ்சம் தள்ளி, அவன் பெண்டாட்டி சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். போட்டோ எடுக்க என்னென்ன கூத்தெல்லாம் பண்ணுகிறார்கள் என்று மேஸ்திரி நினைத்துக்கொண்டார். அவள் போனதும் அந்த இடம் காலியானது.

அப்போதுதான் உச்சிப் பொழுது வந்தது. கூரையின் ஒரு கீறலிலிருந்து விழுந்த வெளிச்சம் காலையிலிருந்தே தரையில் நெட்டுக்கு ஒரு கோடாகக் கிடந்தது. இன்னொரு கீறலின் வெளிச்சம் மெல்ல நகர்ந்து வந்து அதன் குறுக்கே படுத்தது. "சிலுவை! பாருங்க, இந்தக் கோயில்ல இருக்கிற ஒரே சிலுவை இதுதான்!" என்றார் டீச்சரம்மா. எல்லாரும் ஆவென்றார்கள். சிலர் மண்டியிட்டார்கள்.

மேஸ்திரியின் கண்ணுக்கு அது சிலுவையாகத் தெரியவில்லை. நெட்டுக்கு ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. மட்டம் பார்த்தாயிற்று, ஆணி அடித்தாயிற்று. நம்பி நிற்கலாம்.

நாலு எட்டில் சுவரருகே போய், பெரிய கணு ஒன்று பதிந்திருந்த இடத்தில் நெற்றியை முட்டிக்கொண்டார். அந்தக் கணு அவருக்கு அடையாளம் தெரிந்தது. அந்தப் பலகையை ஒரு முனையில் அவர் பிடிக்க, மறுமுனையில் தம்பி ஆணி அடித்தான். காலடியில் தரையில் ஒரு பித்தளை வட்டம் பதித்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை என்பதை மட்டும் பார்த்துக்கொண்டார்.

"டேய்" என்றார், மூச்சுக் காற்றாக. "நான்தான்டா. அந்த வரிசைக்கு ஆணி அடிக்காதவன் நான்தான். ஆணி தீந்துபோச்சு. காலைல அடிச்சுக்கலாம்னு வெறும் கோட்டைப் போட்டு வச்சேன். உன்னை அதுக்கடியில நிக்க வச்சுட்டு நான் பல்லைக் காட்டிக்கிட்டுப் போட்டோவுக்கு நின்னேன். கோட்டையெல்லாம் அழிச்சதும் நான்தான். யாரோட வரிசைன்னு கேட்டப்ப, உன் வரிசைன்னு சொன்னேன்டா. அந்தக் கல்லுல உன் பேரு இல்லை. உன் பொண்டாட்டி தடவித் தடவித் தேடுறா. என்னாலதான்டா, எல்லாம் என்னாலதான்."

சொல்லிவிட்டார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகச் சொல்லிவிட்டார். சுவர் சில்லென்றிருந்தது. கண்ணீர் பலகை ரேகையின் வழியாக இறங்கியது. செத்தவனிடம் சொன்னால் என்ன, சொன்னது சொன்னதுதானே என்று ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நெஞ்சு லேசானது.

சுவர் பேசியது.

காதுக்குள் வாய் வைத்துச் சொன்னது போல, அவ்வளவு கிட்டத்தில், ஒரே ஒரு சொல். "மாமா."

மேஸ்திரி நெற்றியைச் சுவரிலிருந்து வெடுக்கென்று எடுத்தார். தம்பி என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் தம்பி அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். மாமா என்று கூப்பிடுவதற்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு.

"பெரியப்பா! நகருங்க, நகருங்க!" வாலு மூச்சிரைக்க ஓடி வந்தது. "அது என் இடம். அம்மாவை அந்தக் கோடியில நிக்க வச்சுட்டு வரதுக்குள்ள நீங்க பிடிச்சுட்டீங்களே! இங்கே கிசுகிசுன்னு சொன்னா அங்கே கேக்கும், அங்கே சொன்னா இங்கே கேக்கும். அந்த மேடம் சொன்னப்ப நீங்க கேக்கலையா? கட்டினவருக்கே தெரியலையா?"

தெரியாதுதான். அவர் பார்த்த காலத்தில் அது முட்டுகள் நிறைந்த காடு. பிரித்து எடுத்த பிறகு அதற்குள் ஒரு குரல் எப்படி ஓடும் என்று கேட்க அவர் வரவேயில்லை.

"நேர்ல கேட்டா அம்மா கத்துவா. இதுல கேட்டா வேடிக்கையா ஒத்துக்குவான்னு நினைச்சேன். ஃபாரத்துல கையெழுத்துக்குத்தான்" என்று அவர் காதில் ரகசியம் சொல்லிவிட்டு, வாலு சுவரில் வாயை வைத்தது. "அம்மா... ஏம்மா..." பிறகு திரும்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. "போச்சு. அம்மா இடத்தை விட்டுட்டா."

அவள் வந்துகொண்டிருந்தாள். கூடம் அவ்வளவு நீளம் என்று மேஸ்திரிக்கு அப்போதுதான் தெரிந்தது. நடுவில் கிடந்த வெளிச்சக் கோடுகளை எல்லாரும் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் அவற்றை மிதித்துக்கொண்டு நேராக வந்தாள். வந்து மகளுக்கு எதிரே நின்றாள். மேஸ்திரியைப் பார்க்கவில்லை.

"அந்த ஃபாரத்தை எங்கே வச்சிருக்கே?"

"ஃபிரிட்ஜ் மேல. ஏம்மா?"

"வீட்டுக்குப் போனதும் எடுத்துட்டு வா. கையெழுத்துப் போடறேன். உனக்கு எது இஷ்டமோ அதைப் படி. உங்கப்பா வேலையில குத்தம் இல்லை."

வாலுவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு கண் விரிந்தது. அம்மாவையும் பெரியப்பாவையும் மாறி மாறிப் பார்த்தது. "பெரியப்பா! நீங்கதானா? எனக்காகத்தான் அம்மாகிட்ட பேசினீங்களா?" என்று அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டது. "தேங்க்ஸ் பெரியப்பா. எனக்குத் தெரியும், நீங்க எனக்காக எது வேணா செய்வீங்க."

மேஸ்திரி கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அந்தப் பெண்ணின் தோளுக்கு மேலே தம்பி மனைவியின் கண்கள் அவர் மேல் இருந்தன. அவள் விலக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"போய் பஸ் வருதான்னு பாரு. வரோம்" என்று மகளை அனுப்பினாள்.

வாலு துள்ளிக்கொண்டு ஓடியது. இரண்டு பேரும் தொங்கிய கூரைக்கு அடியில் நின்றார்கள்.

"அவரு படத்துக்கு முன்னாடி நின்னு திட்டுவேன்" என்றாள் அவள். "எத்தனையோ நாள். இப்படி எங்களை நடுத்தெருவில விட்டுட்டியே, ரெண்டு ஆணி அடிக்க உனக்குக் கை வலிச்சுதான்னு கத்துவேன். மாடிக்குக் கேக்குமே?"

மேஸ்திரியால் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை. "கேட்டுது" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். கடையில் சாமான் இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்று பதில் வந்தால் ஆட்டுவது போல.

"அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். நீங்க சொல்ற வரைக்கும் அவ உங்களைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருப்பா. அது உங்க பாடு."

"நான்..." என்று ஆரம்பித்தார் மேஸ்திரி.

"அடுத்த மாசம் அந்த நாள் வருது. இந்த வருஷம் நான் போகலை. நீங்க போங்க. தெருமுனையில நிக்காதீங்க. உள்ளே போங்க. வாசலைக் கூட்டணும், பாத்திரம் தேய்க்கணும், ரெண்டு குடம் தண்ணி பிடிச்சு வைக்கணும். அப்புறம் அந்த அம்மா முன்னாடி நில்லுங்க." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "நான் நின்னேன் இல்லை? ஒன்பது வருஷம் நின்னேன் இல்லை?"

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் அதைப் பார்க்கப் பிடிக்காதவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கொஞ்சம் வழி விடுங்க."

அவர் விலகினார். இந்தக் குடும்பத்துக்கு வந்த நாளிலிருந்து அவள் அவரிடம் பேசிய எந்தப் பேச்சும் மாமா இல்லாமல் முடிந்ததில்லை. இப்போது இவ்வளவு பேசியும் அது ஒரு தடவைகூட வரவில்லை. இனிமேல் வராது என்று அவருக்குத் தெரிந்துபோனது. சுவரில் கேட்டதுதான் கடைசி.

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. அவர் இறங்கி வந்தபோது, தம்பி மனைவி அந்தக் கறுப்புக் கல்லின் வெறும் பாகத்தில் உள்ளங்கையை விரித்து வைத்து நின்றுகொண்டிருந்தாள். அவர் காலடிச் சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிட்டு, அவருக்கு முன்னால் பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் தனியாக ஒரு ஸீட்டில் உட்கார்ந்தாள்.

"பெரியப்பா, இங்கே! இடம் பிடிச்சு வச்சிருக்கேன்." வாலு பையை எடுத்துவிட்டு ஜன்னலோர ஸீட்டைத் தட்டிக் காட்டியது. பேராலயத்தைப் பார்த்த பக்கம். "நீங்க ஜன்னல் பக்கம் உக்காருங்க, இங்கேருந்து முழுசாத் தெரியுது."

மறுபக்கத்து ஸீட் ஒன்று காலியாக இருந்தது. மேஸ்திரி அதைப் பார்த்தார். பிறகு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார்.

அந்தப் பெண் நோட்டைத் திறந்து, பென்சிலை எடுத்து, போர்வை போல அந்தக் கூரையை ஒரே இழுப்பில் வரைந்தது. கை நடுங்காத, சுத்தமான கோடு. தம்பியின் கை.

"இப்ப எல்லாத்தையும் வரிசையாச் சொல்லுங்க பெரியப்பா. இனிமே நான் தெரிஞ்சுக்கலாம் இல்லை?" பென்சில் நுனியை அவள் படத்தின் மேற்குப் பக்கம் கொண்டுபோய் வைத்தாள். "அப்பா எந்த இடத்துல நின்னாரு?"

முன் ஸீட்டில் தம்பி மனைவி திரும்பவில்லை. ஆனால் காதோரத்து முடியைப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, அசையாமல் காத்திருந்தாள்.

பஸ் கிளம்பியது. மேஸ்திரி ஜன்னல் வழியாகப் பேராலயத்தைப் பார்த்தபடியே இருந்தார். அது மறைகிற வரைக்கும் பென்சில் நுனி அந்த இடத்திலேயே இருந்தது.